புள்ளி விழுந்த செவ்வந்தி

திருமயத்திலிருந்து அரிமளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் மடியில், வேர்மண்ணோடு ஒரு செவ்வந்திச் செடி. இலையெல்லாம் கறுப்புப் புள்ளி.

“செடி தன் எலையத் தானே கொன்னுக்கிருமாம் அண்ணி.”

“என்னடி சொல்ற?”

“பூஞ்சை ஒக்காந்த எடத்த மட்டும் கருக வச்சு, சுத்திலும் மருந்து மாதிரி ஒண்ணச் சொரந்து பரவ விடாம அடைச்சிருமாம். வெவசாய ஆபீஸ் சாரு சொன்னாரு.”

“அப்ப புள்ளி விழுந்ததுதான் நல்ல செடியா?”

“எல்லாம் இல்ல. புள்ளி பெருகுனா நோயாம். இது மாதிரி அப்படியே நின்னுட்டா செடி செயிச்சிருச்சாம்.”

“ஒங்க அண்ணன் காலையிலேருந்து தோட்டத்துல புள்ளி விழுந்த செடியையெல்லாம் புடுங்குறாரே! நின்ன புள்ளியா, பெருகுற புள்ளியான்னு பாத்தா புடுங்குறாரு?”

“மொதல்ல போனப் போடுங்க.”

அண்ணி போனை எடுத்து, “ஏங்க, புடுங்குறத நிறுத்துங்க” என்றாள். ஸ்பீக்கரில் வந்த குரல் பஸ்ஸுக்கே கேட்டது.

“எல்லாம் முடிஞ்சிருச்சு. புள்ளி விழுந்தது ஒண்ணுகூட இல்ல, தோட்டம் சுத்தமா இருக்கு. ஆபீஸுக்குக் கொண்டுபோனீங்கள்ல, அதையும் அங்கிட்டே வீசிட்டு வாங்க.”