மூன்றாம் அறையில் ஏழு நிமிடங்கள்

நெஞ்சுவலிதான் நடிக்க ரொம்பச் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தால் முடிந்தது என்று. அதெல்லாம் சினிமா. நிஜமாக வலி வந்தவர் பெரும்பாலும் முகத்தைச் சுளிப்பதில்லை. எதையோ எங்கோ வைத்துவிட்டு மறந்தவர்போல உட்கார்ந்திருப்பார். விரலால் சுட்டிக் காட்டமாட்டார், உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். வலி என்றுகூடச் சொல்லமாட்டார். "என்னமோ பாரமா இருக்கு" என்பார். பதினாறு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

எங்களுடையது தனியார் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். செவிலியம், இயன்முறை மருத்துவம், மருந்தியல் என்று முதுநிலைப் படிப்புகள் நிறைய. மாணவர்களை நிஜ நோயாளிகளிடம் விடுவதற்கு முன் எங்களிடம் விட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் நோயாளிகளாக நடிப்பவர்கள். காலையில் ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். அன்றைக்கு நமக்கு என்ன வியாதி, எத்தனை நாளாக, எதைக் கேட்டால்தான் சொல்லவேண்டும் என்று அதில் இருக்கும். மாணவர் உள்ளே வருவார், ஏழு நிமிடம் விசாரிப்பார், மணி அடித்ததும் போய்விடுவார். ஒரே நாளில் இருபது பேரிடம் ஒரே வயிற்றுவலியைச் சொல்லவேண்டும். எங்களில் ஒரு பெண்மணிக்கு வயிற்றுவலி அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைத்தெருவில் மாணவர்கள் பார்த்தால், "அக்கா, இப்ப எப்படி இருக்கு?" என்பார்கள். அவரும் சளைக்காமல், "அப்படியேதான்ப்பா இருக்கு, நீ பாஸ் பண்ணிட்டியா?" என்பார்.

இவர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவன் நான். எந்த உத்தரவிலும் அப்படி எழுதியிருக்காது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

என் தங்கையின் கணவரைக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். அவர் வேலை பார்த்த பார்சல் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். தங்கை போன் செய்தாள்: "அண்ணா, இவர் வீட்டுல உக்காந்துக்கிட்டு சமையல்கட்டுல இருக்கிற டப்பாவை எல்லாம் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருக்காரு. உன்கூடக் கூட்டிட்டுப் போயேன், புண்ணியமா போகும்."

முதல் நாள் அவருக்குக் கால் சுளுக்கு. பத்தாவது மாணவர் வரும்போது வலது காலை நொண்டியவர், பதினோராவது மாணவருக்கு இடது காலை நொண்டினார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"மாப்ள, தாள்ல எந்தக் கால்னு போட்டிருந்தது?"

"ரெண்டும் நம்ம கால்தானே மச்சான். ஒண்ணுக்கு ஓய்வு குடுத்தேன்."

சிரித்துவிட்டேன். அவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அப்படிப்பட்ட மனிதர்.

ஆனால் ஒரே வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டார். நான் சொல்வதைச் செய்வதோடு நிற்காமல், ஏன் என்று கேட்பார். இதய நோயாளிக்குக் கை ஏன் வலிக்கிறது என்று நூலகத்தில் போய்ப் படித்துவிட்டு வந்து எனக்கே சொல்வார். பிறகு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே வார இறுதியில் நடக்கும் முதுநிலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்தார். மருத்துவக் கல்விப் பயிற்சி என்று பெயர். இரண்டு வருடம். அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

"என்ன மாப்ள, நெஞ்சுவலின்னு சொல்றதுக்கு முன்னாடி பட்டத்தையும் சேர்த்துச் சொல்வீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னா மரியாதையா வலிக்கும்ல மச்சான். நீங்களும் சேருங்க. ரெண்டு பேருமா போயிட்டு வருவோம், பேச்சுத்துணையா இருக்கும்."

நான் சேரவில்லை. எனக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று தோன்றியது.

அவர் பட்டம் வாங்கிய அதே மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு முறைப்படி ஓர் இயக்குநர் போடப்போகிறார்களாம். முதுநிலைப் பட்டம் என்பது 'கட்டாயம்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் என்பது 'விரும்பத்தக்கது' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஆக, என்னை விரும்பினார்கள். அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கே கொடுத்தார்கள். உத்தரவு கைக்கு வருமுன் அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "பேருக்குத்தான் மச்சான் நான். எல்லாம் நீங்க சொல்றபடிதான் நடக்கும். உங்க நாற்காலியில நான் உக்காரவே மாட்டேன்." நல்ல மனதோடுதான் சொன்னார். இதில் பொறாமை என்ற சொல்லைத் தயவுசெய்து எழுதாதீர்கள். கூடப் பிறந்தவளின் கணவர் முன்னுக்கு வருவதைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? அவர் போன பிறகு, செருப்போடு நின்ற இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அது என் சுபாவம்.

திங்கட்கிழமை அவர் பொறுப்பேற்க வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் முதுநிலைச் செவிலியர் பரீட்சை. நெஞ்சுவலிக்கு வரவேண்டியவர் வரவில்லை. "கடைசியா ஒரு தடவை நானே படுத்துக்கிறேன் மச்சான்" என்று மாப்பிள்ளை மூன்றாம் அறைக்குப் போனார்.

இப்போது நீங்கள் கேட்கும் அந்தப் பொத்தானுக்கு வருகிறேன். நடிக்கும்போதே ஒருவருக்கு நிஜமாகவே முடியாமல் போனால் என்ன செய்வது? முன்பு ஒரு பெண் அப்படி மயங்கி விழுந்து, மாணவர் இரண்டு நிமிடம் கைதட்டலுக்குரிய நடிப்பு என்று பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு நான்தான் யோசனை சொன்னேன். படுக்கையில் வலது கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் கண்ணாடிக்குப் பின்னால் நான் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் சின்ன சிவப்பு விளக்கு எரியும். பரீட்சையை நிறுத்திவிட்டு ஓடவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு அழுத்தலையும் அந்த விளக்கு இருக்கும் பெட்டி நேரத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும் என்பது, பழுது பார்க்க வந்தவர் அந்தப் பதிவை எடுத்து போலீஸில் உங்களிடம் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆறாவது மாணவி உள்ளே இருந்தாள். கெட்டிக்காரப் பெண். இரண்டாவது நிமிடத்தில் விளக்கு எரிந்தது. கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் மறுபடி எரிந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் சுளிப்பே இல்லை.

அந்தப் பெண் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். "சார், இவருக்கு நிஜமாவே வேர்க்குது. கை சில்லுன்னு இருக்கு."

வேர்வைக்கு நாங்கள் தண்ணீர் தெளிப்பது வழக்கம். ஒலிபெருக்கியில் சொன்னேன்: "பரீட்சை நடக்கும்போது என்கிட்ட பேசக் கூடாதும்மா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, நீங்க பாருங்க."

அவள் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை. பரீட்சை விதிப்படி, அவசரக் குழுவை அழைப்பதாக வாய்விட்டுச் சொன்னால் போதும், அழைத்ததாகவே கணக்கு. "அவசரக் குழுவைக் கூப்பிடுறேன்" என்றாள். யாரும் வரமாட்டார்கள், அது அவளுக்கும் தெரியும். இருந்தும் இன்னொரு தடவை, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். ஐந்தாவது நிமிடத்தில் விளக்கு மூன்றாம் முறையாக எரிந்தது, அணையவே இல்லை. கண் கூசியதால் பரீட்சை அட்டவணையை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

மணி அடித்தது. அவள் அடுத்த அறைக்குப் போகவேண்டும், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் உள்ளே போனேன். மாப்பிள்ளைக்கு நினைவு இருந்தது. "மச்சான்" என்றார். "அழுத்தினேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மாணவர்களுக்கு நடுவில் இரண்டு நிமிட இடைவெளி உண்டு. அந்த இரண்டு நிமிடமும் விடாமல் பிடித்திருந்தேன். அவர் தனியாக இருந்தார் என்று யாரும் சொல்லமுடியாது. பிறகு சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். மருத்துவமனை அடுத்த கட்டடம்தான். "கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா" என்று மருத்துவர் ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ பக்கத்துல இருந்தியேண்ணா, எனக்கு அது போதும்" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொள்கிறேன்.

விளக்கு எரியவே இல்லை, அவள் சொன்னதைப் பரீட்சைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன் என்று பல்கலைக்கழக விசாரணையில் சொன்னேன். அந்தப் பெண் கதவைத் திறந்து ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவளைப் படிப்பிலிருந்து ஒரு வருடம் நீக்கி வைத்தார்கள்; அவள் திரும்பி வரவில்லை. துணிக்கடையில் இருக்கிறாளாம். வருத்தம்தான். நல்ல செவிலியாக வந்திருப்பாள். இப்போதாவது அவளைக் கூப்பிட்டு, உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

இயக்குநர் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நான் அந்த வார இறுதிப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். மாப்பிள்ளையின் புத்தகங்களைத் தங்கை எனக்கே கொடுத்துவிட்டாள். முக்கியமான இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், படிக்கச் சுலபமாக இருக்கிறது. போன மாதம் முதல் பருவத் தேர்வு நடந்தது. நடிப்பவர் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் என்ன செய்யவேண்டும், காரணங்களோடு விளக்குக என்று ஒரு கேள்வி. இரண்டு பக்கம் எழுதினேன்.

அதனால், தெரியாமல் செய்துவிட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். வகுப்பில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியது நான் ஒருவன்தான்.