பிப்புக்குப் பின்பக்கம்

குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல. எத்தன தடவ சொல்றது? தமிழ்ல சொன்னேன், கன்னடத்துலயும் சொன்னேன், பேடா குரு, ஆகல்லன்னு. இங்கிலீஷ்லயும் வேணுமா? நோ. போதுமா?

இன்னும் நிக்கிறீங்களே. சரி, நில்லுங்க. இந்த ஷாமியானா உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. ஆனா இந்தக் கவர் மேலருந்து கண்ண எடுங்க. உள்ள இருக்கறது என் பிப்பு. நாளைக்குக் காலைல என் பனியன்ல குத்திக்கப்போற நம்பர் சீட்டு. முன்னாடி நம்பர், என் பேரு. அத நீங்க குத்திகிட்டு ஓடணும்னு கேக்குறீங்க. ஒருத்தன் வந்து உன் செருப்பக் குடுன்னு கேட்டா கூட இவ்ளோ கோவம் வராது எனக்கு.

தெரியும். நான் பிப்பு குடுக்குற கவுண்டர்ல இருந்து நொண்டிகிட்டு வர்றதப் பாத்துட்டுதான் நேரா இங்க வந்தீங்க. க்யூல நூறு பேரு நிக்கிறான், ஒருத்தன்கிட்டயும் கேக்கல. இந்தக் கெழவன் எங்க ஓடப்போறான், கேட்டா குடுத்துருவான்னு ஒரு கணக்கு. எனக்கு நாப்பத்தாறு வயசு. ஃபிரேசர் டவுன்ல ஸ்கூல் பிடி மாஸ்டர். பேரு ரெமிஜியஸ். பத்தொம்பது வருஷமா பசங்கள வெயில்ல நிக்க வெக்கறவன். உங்கள மாதிரி ஆளுங்கள ஒம்பதாங் கிளாஸ்லயே பாத்தாச்சு. வெறும் கையோட வந்து, பக்கத்துல இருக்கறவன் ஷூவக் கழட்டி வாங்கிகிட்டு ஓடுறவன்.

ஆமா, நொண்டுறேன். அரை மணி நேரம் சிமெண்ட் தரைல நின்னா பிடிச்சுக்கும், நாலடி நடந்தா விட்டுரும். முழங்காலுக்குக் கீழ முன் எலும்புல கீறல் விட்டுது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. மயிரிழை மாதிரி கீறல், எக்ஸ்ரேல கூட மொதல்ல தெரியல. வலிக்கிது வலிக்கிதுன்னு ஆறு வாரம் அது மேலயே ஓடுனேன். பிடி மாஸ்டர்ல, மத்தவன் காலுன்னா தொட்டுப் பாத்தே சொல்லிருவேன். என் காலுன்னா தைலத்தத் தேச்சுகிட்டுப் போயிருவேன். ஒரு நாளு அல்சூர் ஏரியச் சுத்தி வரும்போது மூணாவது சுத்துல கால ஊன முடியல. ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்தேன்.

உங்க ஃபோன் அடிக்குது பாருங்க.

தெரியாத நம்பர்னா என்ன? எடுங்க. கட் பண்ணிட்டீங்களா? ம். உங்க இஷ்டம்.

என்ன கேட்டீங்க? நாளைக்கு எவ்ளோ டைம்ல முடிப்பேன்னா? முடிக்கிறதே பெரிசு. நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நட. வாட்ச்ல பீப் வெச்சிருக்கேன். பீப் அடிச்சா நடக்கணும், பக்கத்துல எவன் தாண்டிப் போனாலும் சரி. ஃபிசியோக்காரம்மா ரக்ஷான்னு ஒரு பொண்ணு, பொடிசா இருக்கும், ஆனா போலீஸ்காரி மாதிரி. மாஸ்டர், நாலுன்னா நாலு, அஞ்சு ஆச்சுன்னா என்கிட்ட வராதீங்கன்னு சொல்லிருச்சு. ஆறு மாசமா அது சொன்ன மாதிரியே. மொதல்ல ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நட. பூங்காவுல வாக்கிங் போற ஆயாங்க என்னத் தாண்டிப் போனாங்க. போகட்டும்னு விட்டேன்.

அதத்தான் நானும் எதிர்பாத்தேன். நடக்கப்போற ஆளுக்கு பிப்பு எதுக்கு, வேஸ்ட்டா போவுதே. அதான சொல்ல வந்தீங்க? சொல்லிட்டீங்க, இப்ப எதுக்கு சாரி?

வேஸ்ட்டு. நல்ல வார்த்த. நாலு மாசம் ட்ரெய்னிங் பண்ணீங்க, ஆஃபீஸ் வேலைல ரெஜிஸ்டர் பண்ண மறந்துட்டீங்க, ஸ்லாட் ஃபுல் ஆயிருச்சு. சரி. பாவம். இந்த ஊருல அத விடப் பெரிய பாவமெல்லாம் இருக்குது. அடுத்த வருஷம் ஓடுங்க. ரோடு எங்கயும் போயிராது.

எல்லாரும் பண்றாங்க, தெரியும் தம்பி. வாட்ஸ்அப் குரூப்புல தெனம் வருது, கால் வலி, பிப்பு இருக்குது, யாருக்காச்சும் வேணுமா. டிரேவர்னு ஒருத்தன் மூணு வருஷமா மூணு பேரோட பேருல ஓடியிருக்கான், ஒரு தடவ பொம்பள பேருல. சிரிச்சுகிட்டே சொல்றான். நானும்தான் சிரிச்சேன். யாருக்கு என்ன நஷ்டம்னு சொன்னவன்தான் நானும்.

உக்காருங்க. நீங்க நிக்கிறத அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. இல்ல, மனசு மாறல. உக்காருங்கன்னா உக்காரணும்.

இந்தாங்க, பிப்பப் பாக்கணும்னு ஆசைல்ல, பாருங்க. தொட வேணாம். முன்பக்கம் எல்லாரும் பாப்பான், ஃபோட்டோ எடுப்பான். திருப்புறேன். பின்பக்கத்த எவனாச்சும் பாத்துருக்கானா? பேரு. ரத்த குரூப்பு. அவசரத்துக்கு யாரக் கூப்புடணும், ஃபோன் நம்பரு. மாத்திர எதுனா சாப்புடுறீங்களா. பாதிப் பேரு இத நெரப்பறதே இல்ல. நான் நெரப்புவேன். வாங்கின அன்னைக்கே, கெட்டி மார்க்கர்ல, ரிப்போர்ட் கார்டு எழுதுற மாதிரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிப்பு ரொம்ப முன்னாடியே கூரியர்ல வீட்டுக்கு வந்துருச்சு, அப்பவும் அப்பிடித்தான் நெரப்புனேன். ரெமிஜியஸ். ஓ பாசிட்டிவ். லீனா, மனைவி, அவ நம்பரு. இதே ரேஸு, இதே இருவத்தோரு கிலோமீட்டர்.

அதுக்குள்ளதான் காலு போச்சே. ரேஸுக்குப் பத்து நாளு இருக்குது, நான் கால்ல பூட்டு மாதிரி ஒண்ண மாட்டிகிட்டு வீட்டுல. அப்ப என்கூட ஏரியில ஓடுறவன் ஷங்கர்னு ஒருத்தன். சிவாஜிநகர்ல துணிக்கட, கடைல துணி கிழிக்கிறவன், ஓனர் இல்ல. நாலு வருஷம் ஒரு நாளு தப்பாம அஞ்சு மணிக்கு வந்து நிப்பான். அவனுக்கு ரேஸெல்லாம் வேணாம். மாஸ்டரே, காசு குடுத்து ஓடுறதுக்கு நான் என்ன லூஸான்னு கேப்பான். சரியாத்தான் கேட்டான்.

அவன் கேக்கல. அதப் புரிஞ்சுக்கங்க. உங்கள மாதிரி வந்து கேக்கல. நான்தான் கூப்புட்டேன். வீட்டுக்கு வரவெச்சு, பிப்ப அவன் கைல திணிச்சு, போய் ஓடுறா, சும்மா வேஸ்ட்டா போவுதுன்னேன். அந்த வார்த்தயேதான். அவன் திருப்பிப் பாத்துட்டு, மாஸ்டரே, பின்னாடி உங்க பேரு போட்டுருக்கே, அழிச்சு எழுதட்டுமான்னு கேட்டான். கெட்டி மார்க்கர்ல எழுதினது எங்க அழியும்? பின்னாடி எவன்டா பாக்கப் போறான், குத்திகிட்டு ஓடுன்னு சொன்னேன்.

மறுபடியும் அடிக்குதே. அதே நம்பரா? வேணாமா? ம்.

அந்த ரேஸ் ரிசல்ட்ட நெட்டுல போய்ப் பாருங்க, இப்பவும் இருக்கும். ரெமிஜியஸ், அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு டைம், பத்துக்கு ஒரு டைம், பதினஞ்சுக்கு ஒரு டைம். நான் வாழ்க்கைல அந்த ஸ்பீடுல ஓடுனதில்ல. அதுக்கப்புறம் முடிச்ச டைம் இருக்க வேண்டிய எடத்துல ஒரு கோடு. கோடுதான். பதினேழாவது கிலோமீட்டர்ல விழுந்துட்டான்.

ஹார்ட்டு. நாப்பது வயசு. டாக்டர் சொன்னாரு, ஆஸ்பத்திரி பக்கத்துலயே விழுந்திருந்தாக்கூட ஒண்ணும் பண்ணிருக்க முடியாதுன்னு. அது எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, நெஜமான்னு நான் திருப்பிக் கேக்கல. கேக்க பயம்.

அவன் பொண்டாட்டி மமதா ஃபினிஷ் லைன்ல நிக்கிறா. கைல ஃபிளாஸ்க்கு, தோள்ல அவன் பை, பைக்குள்ள அவன் ஃபோனு. மொதல் ரேஸு, வேடிக்க பாக்க வந்துட்டா. ரெண்டு மணி நேரமாச்சு, ரெண்டே கால் ஆச்சு, ஆளக் காணோம். ஹெல்ப் டெஸ்க்குல போய்க் கேட்டுருக்கா. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு, மேடம், ஷங்கர்னு அந்த மாதிரி யாரும் இந்த ரேஸ்ல ஓடவே இல்லைங்குது. இவ நம்பரச் சொல்லத் தெரியாம, செகப்பு பனியன், மீசை வெச்சிருப்பாருன்னு அழுவுறா. ஷங்கரு அப்ப ஆஸ்பத்திரில ரெமிஜியஸா படுத்துருக்கான். ரெமிஜியஸாவே போயிட்டான். ஒம்பது பத்துக்கு. பக்கத்துல ஒரு வாலன்டியர் பையன், அவ்ளோதான்.

செகப்பு பனியன்காரர் ஒருத்தரு விழுந்துட்டாருன்னு யாரோ சொல்லி மமதா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தா, பாடியக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. பேப்பர்ல ஒரு பேரு, பொண்டாட்டி சொல்றது ஒரு பேரு, எப்பிடிக் குடுப்பாங்க? ஸ்டேஷனுக்குப் போயி, ஆதார் கார்டக் காட்டி, செத்தவன் நான் இல்லன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதிரி ஒரு லெட்டர் எழுதிருக்கீங்களா? நான் இன்னார், உயிரோட இருக்கேன். எஸ்ஐ படிச்சுப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தாரு. சாயங்காலம் ஆறு மணி ஆச்சு வெளிய எடுக்கறதுக்கு. மமதா என்கிட்ட ஒரு வார்த்த பேசல. இன்னைய வரைக்கும் பேசல. கடைத் தெருவுல பாத்தா ரோடு மாறிப் போவா. பேச வேண்டிய அவசியம் அவளுக்கு இல்ல.

காலு அஞ்சே மாசத்துல சரியாயிருச்சு தம்பி. ரெண்டு வருஷமா காலா வலிச்சுது? ஷூவ மாட்டுவேன், அவுத்துருவேன். ரக்ஷாகிட்ட எலும்புன்னு சொன்னேன், அது எக்ஸ்ரேயத் தூக்கிப் புடிச்சு, மாஸ்டர், இங்க ஒண்ணுமே இல்லையேன்னுச்சு. நாளைக்கு நான் பதினேழத் தாண்டணும். நடந்தோ, நொண்டியோ, தவழ்ந்தோ. என் பேரு போட்ட அந்தக் கோட்டுக்கு அப்புறம் மிச்சம் நாலு கிலோமீட்டர் கெடக்குது. அத என் பேருல நான்தான் போய் முடிக்கணும், வேற எவனும் இல்ல. அதுக்குத்தான் இந்த பிப்பு. இப்பத் தெரியுதா எதுக்குக் கத்துறேன்னு? உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இருக்குது, கொஞ்சம் இருக்குது.

என்ன, பின்னாடி இருந்த நம்பருக்கு யாரும் கூப்புடலையான்னா? கூப்புட்டாங்க. அந்த வாலன்டியர் பையன் பின்பக்கத்தத் திருப்பிப் பாத்து ஒழுங்கா கூப்புட்டான். ஏழு அம்பதுக்கு. சொல்ல வேண்டிய ஆளுங்களுக்கு அப்பவே சொல்லிருந்தா, மமதா ஆட்டோ புடிச்சு பத்து நிமிஷத்துல போயிருப்பா. ஒரு மணி நேரம் அவன் கையப் புடிச்சிருப்பா. பேரச் சொல்லிக் கூப்புட்டுருப்பா.

லீனாதான் எடுத்தா. ஞாயித்துக்கெழம, சர்ச்சு பூசைக்கு நேரமிருக்குன்னு இட்லியும் பாயாவும் வெச்சு சாப்புட்டுகிட்டிருக்கோம். என் காலு ஸ்டூல் மேல. ஹிந்தில ஒருத்தன் படபடன்னு பேசுறான், உங்க ஹஸ்பண்ட் ரெமிஜியஸ் மயங்கி விழுந்துட்டாரு, சீக்கிரம் வாங்கன்னு. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு தனக்கோடியம்மாவுக்கு இதே மாதிரி உங்க பையன் ஆக்சிடென்ட்டுன்னு கால் வந்து, காசு புடுங்கிட்டாங்க. லீனா ஃபோனப் பொத்திகிட்டு என்னப் பாக்குறா. ஃப்ராடுக்காரன், நீங்க மயங்கி விழுந்துட்டீங்களாம், ஆஸ்பத்திரிக்கு வரணுமாம்ங்கிறா. சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். பிப்பக் குடுத்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும்.

அவ மேல தப்பே இல்ல. கட் பண்றதுக்கு முன்னாடி அவ கேட்டா, ஏங்க, பாவமாப் பேசுறான், யாருன்னு ஒரு வார்த்த கேக்கட்டுமான்னு. நான்தான் வாயில இட்லியோட சொன்னேன், பேசாத, நம்பர பிளாக் பண்ணுன்னு. பண்ணிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பையன் பதினோரு தடவ அடிச்சிருக்கான்.

பாருங்க, திரும்பவும் அதே நம்பர் உங்களுக்கு. எடுத்துப் பேசிட்டுப் போங்க தம்பி.