ஒளிவட்டம் எண்ணுகிறவன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த ஸ்லைடு பெட்டி மூடியில் பென்சிலால் எழுதியிருப்பது என் எழுத்துதான், ஐயா. சந்தேகம் வேண்டாம்.

குழந்தை இல்லாதவர்கள் வரும் ஆஸ்பத்திரியின் லேபில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். என்னைப் படிக்கவைத்தது தம்பி. மீசை முளைக்குமுன் இரும்பு உருக்கும் உலைக்குப் போனவன். அவன் வெந்தான், நான் படித்தேன்.

அவன் மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. அவனுக்கு விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாகவே இருந்தன. அதனால் டாக்டரம்மா அணுவின் டிஎன்ஏ உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மருந்தில் நனைத்துச் சாயம் ஏற்றினால் நல்ல அணுவின் தலையைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் தெரியும். உடைந்ததற்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் ஐந்நூறு எண்ணினேன். நூற்றுக்கு நாற்பத்தாறு உடைசல். உலைச் சூடு. மூன்று நாலு மாதம் சூட்டைவிட்டு விலகினால் புது அணு ஊறும், பெரும்பாலும் தேறிவிடும்.

ரிப்போர்ட்டில் பன்னிரண்டு என்று எழுதினேன்.

"என்னண்ணே, எம்மேல குத்தமா?" என்றான் தம்பி.

"உனக்கென்னடா, சிங்கம்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். ஆம்பிளை தலைகுனியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். அன்றிலிருந்து அவள்தான் குனிந்தாள். அடி விழுந்தது. ஒருநாள் லேப் வாசலுக்கே வந்தாள்.

"மாமா, இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்களேன். உங்க கால்ல வேணா விழறேன்."

"நானே எண்ணினேம்மா" என்றேன். அது பொய்யில்லை.

மூன்றாவதும் கலைந்தது. நான்காவதில் ரத்தம் நிற்கவில்லை. ஒரு பாட்டில் நான் கொடுத்தேன்; அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விடிவதற்குள் போய்விட்டாள்.

தம்பிக்கு மறுகல்யாணம் நானே பார்த்து வைத்தேன். இவள் நல்ல பெண். "வாங்க மாமா" என்று இரண்டு கையாலும் தண்ணீர் கொடுப்பாள். இவளுக்கும் ஒன்று கலைந்ததும் தம்பி மறுபடி டெஸ்டுக்கு வந்தான். நாற்பத்துநான்கு. நாற்பத்துநான்கு என்றே எழுதினேன். உலையை விட்டுக் கேட் காவலுக்கு மாறினான். இப்போது பெண் குழந்தை. எங்கள் அப்பாவின் மூக்கு, என் மூக்கு.

பன்னிரண்டு எப்படி நாற்பத்துநான்கு ஆயிற்று என்று டாக்டரம்மா பழைய ஸ்லைடைத் தேடினார். மூடியில் நாற்பத்தாறு இருந்தது. தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒழுங்காக எண்ணிய ஒன்றை எறிய மனம் வரவில்லை. உழைப்பாளி வீட்டில் பிறந்தவன். வேலையில் எனக்குப் பொய் வராது.

ஒரே ஆள், ஒரே உலை, இரண்டு பெண்களுக்கு ஏன் இரண்டு எண் என்று கேட்கிறீர்கள். முன்னது தம்பியின் மானத்துக்காக. செத்துப்போனவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

தெருக்குழாயடியில் அவள் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரி உங்களிடம் சொல்லியிருப்பாள். "ஊரு ஆம்பளைங்க விட்டத கையில புடிக்கிற மனுசன். அவரு குடிச்ச டம்ளர நான் கழுவ மாட்டேம்மா." குழாயடியே சிரித்தது. தம்பியின் முதல் டெஸ்டுக்கு ஒன்பது நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். நீலச் சேலை. ஏழு பேர் சிரித்தார்கள். கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியவள் அவள்.

அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.