ஒண்ணுக்குப் போச்சா என்று கேட்ட டாக்டர் மணிவேல்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் மாதையன் அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் ஈஸ்வரி அம்மா அவர்களே, துக்கத்தோடு படவேட்டிலிருந்து மலையேறி வந்திருக்கும் டாக்டர் மணிவேல் அவர்களின் துணைவியார் அவர்களே, சாமை அறுப்பைப் பாதியில் போட்டுவிட்டு நடந்தும் ஜீப்பில் தொற்றிக்கொண்டும் வந்து சேர்ந்திருக்கும் நெல்லிவாசல்நாட்டு ஜனங்களே, உங்கள் எல்லாருக்கும் அடிவார ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு சிஸ்டர் திரௌபதியின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டரை ஏழைப் பங்காளர் என்றார்கள், மலைக்கு ஒளி தந்தவர் என்றார்கள். பொய்யில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்து இதையெல்லாம் கேட்டிருந்தால் பின்வரிசை வழியாக நழுவி டீக்கடைக்குப் போயிருப்பார். நம் பிள்ளைகள் அவருக்குக் கொடுத்த பட்டம் வேறு. ‘ஒண்ணுக்கு டாக்டர்.’ பெரியவர் மாதையன் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். போன வாரம் மாரடைப்பில் போய்விட்ட அந்த மனிதரைப் பற்றி உண்மையைப் பேச வேண்டுமென்றால் இந்தப் பட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது எப்படி வந்தது? கொரோனாக் காலம். எங்கள் வார்டிலும் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். விரலில் மாட்டுகிற கருவியை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் மட்டும் கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்வி கேட்பார்: “பாப்பா ஒண்ணுக்குப் போச்சாம்மா?” அவர் தலை மறைந்ததும் தாய்மார்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கொரோனா நெஞ்சுக்கு வருகிற நோய், இவர் ஏன் அடிவயிற்றிலேயே நிற்கிறார்?

அவர் சொன்ன காரணம் எளிது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கொரோனா முற்றிய பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகமும் அடிபடும். காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றியிருக்கும். கடையில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை ஒரு பக்கம் கெடுக்கும். சில பிள்ளைகளுக்குக் கொரோனா வந்து போய்ச் சில வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் கண்டு, கண் சிவந்து, உடம்பு முழுக்க ஒரு கொந்தளிப்பு வரும். அப்போதும் சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும். அது கத்தாது, இருமாது. மூத்திரம் குறையும், அவ்வளவுதான். அதைக் கவனிக்கிறவர் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். கவனிக்க ஆள் இல்லையென்றால்?

அதனால் ஒவ்வொரு தாயிடமும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கொடுக்கச் சொன்னார். பிள்ளையின் மூத்திரத்தை அதில் பிடித்துக் காட்ட வேண்டும். அங்கேதான் நம் மலைக்காரி ஒருத்தி டாக்டரையே ஏமாற்றினாள். நதியா, தலையைக் குனியாதே. உன்னைக் கேட்டு, நீ சரி என்ற பிறகுதான் சொல்கிறேன்.

நதியாவின் மகள் நிவேதாவுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. குழந்தை சுத்தமாக மூத்திரம் போகவில்லை. நதியா என்ன செய்தாள்? பக்கத்துக் கட்டில் தாயிடம், அடுத்த வீட்டில் ஒரு கரண்டி குழம்பு கேட்கிற மாதிரி, அந்தக் குழந்தையின் மூத்திரத்தில் பாதியைக் கேட்டு வாங்கித் தன் குவளையில் ஊற்றிக் காட்டினாள். அந்த மகராசியும் கொடுத்தாள்! குவளையைப் பார்த்தால் எல்லாம் சரி. குழந்தையைப் பார்த்தால் இமை வீங்கி, முகம் உப்பிக் கிடக்கிறது. டாக்டர் குழந்தையைத் தூக்கி எடை பார்த்தார். ஏறியிருந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில் தாய் உண்மையைச் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மூடிய உடுப்புக்குள் வியர்த்து வழிய நின்றுகொண்டு நதியாவை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சொந்தப் பிள்ளைக்கே இப்படிச் செய்கிறவளை வேறென்ன செய்வது? டாக்டர் என்னை நகரச் சொல்லிவிட்டு, கட்டில் ஓரம் குந்திக்கொண்டு கேட்டார்.

“இன்னா பயம்மா உனக்கு?”

“ஒண்ணுக்குப் போவலன்னா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவீங்க சார். எங்க மாமனார அப்பிடித்தான் இட்டுனு போனாங்க. பொணங்கூட வூட்டுக்கு வர்ல. எம்பொண்ணு செத்தாலும் எங்க மண்ணுல சாவட்டும்.”

ஜனங்களே, உங்களில் எத்தனை பேருக்கு இதே பயம் இருந்தது? எனக்கும் இருந்தது. நானும் இந்த மலைக்காரிதான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால் நம் ஜனம் வழி கண்டுபிடித்து வீடு வந்துவிடும். கண்ணைத் திறந்து டவுனில் விட்டால்தான் நமக்குத் திசை தெரியாது. படித்த யாரும் அதுவரை அந்தப் பயத்தை ஒரு நோயாக மதித்து விசாரித்ததில்லை.

டாக்டர் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. “நானும் கூட வர்றேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் அங்கியே இருக்கேன்” என்றார். சொன்னபடி ஆம்புலன்ஸில் ஏறினார். வார்டை உதவி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். குழந்தைக்கு இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும், கண்ணாடிக்கு வெளியே நதியாவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னார். ஒரு காலையில் குழந்தையின் குழாயில் மூத்திரம் இறங்கியது. எனக்குப் போன் போட்டு, பேரன் பிறந்த மாதிரி அந்தச் செய்தியைச் சொன்னார். நான் வார்டு நடுவில் நின்று அழுதேன்.

அவர் எல்லாரையும் காப்பாற்றினார் என்று இந்த மேடையில் நான் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளை இழந்தோம். இன்னொரு பிள்ளைக்குச் சிறுநீரகம் முழுசாகத் தேறவில்லை, இன்றும் மாத்திரை சாப்பிடுகிறான். அதனால்தான் கொரோனா ஓய்ந்த பிறகும் டாக்டர் ஓயவில்லை. தேறிப்போன பிள்ளைக்கும் பின்னாளில் மூத்திரத்தில் புரதம் இறங்கலாம், ரத்த அழுத்தம் ஏறலாம் என்று சொல்லி வருஷா வருஷம் இந்த மலைக்கு வந்தார். பஸ் இல்லையென்றால் நடந்தார். “ஒண்ணுக்கு டாக்டர் வர்றாருடோய்” என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். இவரும் சிரித்துக்கொண்டே பின்னால் போவார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த நேரம் எங்கள் வார்டில் ஒரு குழந்தை இருக்கிறது. மறுபடி தலைகாட்டியிருக்கிற அதே கொரோனா. நேற்றிலிருந்து மூத்திரம் குறைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று புது டாக்டர் சொல்லிவிட்டார். தாய் பெயர் அன்பரசி, மலையின் அந்தக் கோடியிலிருந்து வந்தவள். கையெழுத்துப் போட மறுக்கிறாள். “மணிவேல் டாக்டரு வர்ட்டும். அவரு கூட வந்தா போறேன்” என்கிறாள். அவர் இறந்துபோன சேதி அவளுக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை.

அவருக்குப் படம் திறக்கலாம், மாலை போடலாம், வார்டுக்கு அவர் பெயரும் வைக்கலாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்பரசிக்கு நான் என்ன பதில் சொல்வது? மூத்திரத்தை அளக்க எங்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதை நாங்கள் செய்வோம், இது என் உறுதி. கூடப் போவது யார்? இனி இந்த மலையிலிருந்து கீழே அனுப்பப்படும் எந்தப் பிள்ளையின் தாயும் தனியாகப் போகக் கூடாது. போய் வந்தவர்கள், வழி தெரிந்தவர்கள், உங்களில் ஒருவர் அவளோடு உட்கார வேண்டும். நாளைக்கு இல்லை, இப்போது.

யார் அங்கே எழுந்திருப்பது? நதியாவா?

“நான் போறேங்க்கா. எம்பொண்ணயும் இட்டுனு போறேன். பொழச்சி வந்தத அந்தம்மா கண்ணால பாக்கட்டும்.”

வாம்மா. நிவேதா, நீயும் வா. பெரியவர் என்னை மன்னிக்க வேண்டும், மௌன அஞ்சலிக்கு நாங்கள் இருக்க மாட்டோம். நீங்கள் எழுந்து நில்லுங்கள், நாங்கள் ஜீப்புக்குப் போகிறோம். கொஞ்சம் வழி விடுங்கள்.