முறுக்கிக்கொண்ட தளம்

மரக்காணம் பஸ் ஏழாவது தடவையாக நின்றபோது முன் இருக்கைக்காரர் சொன்னார்: "என் வீட்டுத் தளம் நடுவுல முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதா? தளத்துக்கு எத்தனை கம்பி வேணும்ங்கற கணக்கு எப்ப வரும்? துபாய் லீவு முடிய நாலே நாள் சார். தளம் போடறதைப் பார்க்காமலே போகணுமா?"

அவர் பக்கத்தில் இருந்தவர் பாண்டிச்சேரி ஆபீஸில் அந்தக் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போடுபவர். "பாய், நாலு மூலையை எந்த வரிசையில எழுதிக் கொடுத்தீங்க?"

"முன்னாடி இடது, வலது. பின்னாடி இடது, வலது."

"அது அப்படியே கோடு இழுத்துச்சு. முன்னாடி வலதுலேருந்து பின்னாடி இடதுக்குக் குறுக்கால போய் முறுக்கிக்கிச்சு; அதான் கணக்கு வரல. உப்புப் பாத்தியை வரப்பு மேல சுத்தி வருவீங்களா, நடுவுல எறங்கிப் போவீங்களா?"

"இதை அளவு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

வரைபவர் பஸ் டிக்கெட்டின் பின்னால் நாலு மூலையையும் சுற்று வரிசையில் எழுதிக்கொண்டார்.

பாயின் ஊரான கூனிமேடு வந்தது. இருவரும் இறங்கினார்கள். வீட்டுப் பக்கம் போகாமல் சாலையைக் கடந்து, ஆபீஸுக்கே திரும்ப பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக நின்றார்கள்.