நோட்டீஸில் இல்லாதவள்

மாலை நாலு நாற்பது. தையல் கடையில் போன் மூன்றாவது தடவையாக அடித்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எடுத்தாள்.

ஹலோ...

நான்தாங்க. என் போனை வேற யாரு எடுப்பா?...

முடிஞ்சது, முடிஞ்சது. பதினொண்ணு முடிஞ்சது. பன்னெண்டாவதுக்குக் கொக்கி வெக்கறேன்... ஆமா, ஆமா. ஆறு மணிக்குத்தானே டான்ஸு? பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சா?... சரி, உடுப்பு வந்துட்டே இருக்குன்னு சொல்லுங்க...

இல்ல, நானே எடுத்துட்டு வரேன்...

ஏன்?...

ஆள் அனுப்பறீங்களா? எதுக்கு ஆளு? ரெண்டு தெரு. ஒரு பை. நான் என்ன பீரோவையா தூக்கிட்டு வரப்போறேன்?...

சரி, களைச்சுப் போயிருப்பேன். அப்புறம்?... கால் வலிக்கும். அப்புறம்?... ஏங்க, கல்யாணமாகி பத்து வருஷத்துல என் கால் வலியை இன்னிக்குத்தான் விசாரிக்கறீங்க. என்ன விஷயம்?...

ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் குரல் இறங்குது? பக்கத்துல யாரு?... நிகழ்ச்சி நடத்தற சங்கச் செயலாளரா? மைக் பிடிக்கிற மனுஷன் மேடையில இல்லாம உங்க பக்கத்துல ஏன் நிக்கறாரு?...

ம்...

ம்... சரி, பாப்பா எங்க?... நாலு மணி மருந்து கொடுத்தீங்களா?... அரை மாத்திரையா, முழுசா?... சரி. படி ஏற விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க. அவ நெஞ்சுல ஓட்டை இருக்குன்னு பணம் சேக்கத்தான் இவ்வளவு பாட்டும் கூத்தும். வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி மேடையில ஏத்தி மூச்சு வாங்க வெச்சுடாதீங்க...

இருங்க, வெக்காதீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். எனக்கு எங்க இடம்னு முதல்ல சொன்னீங்க? முன்வரிசை, பாப்பா பக்கத்துல. சரியா?... போன வாரம்? முன்வரிசை பெரிய மனுஷங்களுக்கு, நீ தூணுக்குப் பின்னாடி உக்காருன்னீங்க. சரின்னேன். நேத்து? உடை மாத்தற ரூம்ல இரு, கொக்கி பிஞ்சா தைக்க ஆள் வேணும்னீங்க. அதுக்கும் சரின்னேன். இன்னிக்கு மண்டபத்துக்கே வர வேணாம்கறீங்க. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்வீங்களா?...

சிரிக்காதீங்க. வராத சிரிப்பை ஏன் இழுத்துட்டு வரீங்க...

காலைல பாப்பா என்னை என்னன்னு கூப்பிட்டா தெரியுமா? "தண்ணி குடு அத்தை"ன்னா. உங்க அக்காதான் வந்துட்டாளோன்னு திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. நான்தான் நிக்கறேன்...

விளையாட்டு. ஆமா, அவளும் அதையேதான் சொன்னா. யாரு சொல்லிக்கொடுத்த விளையாட்டுன்னு கேட்டேன். மைக் மாமாவாம். மண்டபத்துல என்னைப் பாத்தா அம்மான்னு கூப்பிடாம இருக்கணுமாம். இருந்தா ரெண்டு பலூனு. ஒரு தடவை வாய் தவறினா ஒரு பலூன் போச்சாம்... இது என்னங்க விளையாட்டு?...

தெரியாதா? சரி. தெரிஞ்சதைச் சொல்லுங்க. நம்ம தெருவுல ஒரு வீட்டுக்குக்கூட டிக்கெட் விக்கலையே, ஏன்?... மறந்துட்டாங்களா? ஊர்க்கோடி வரைக்கும் போய் வித்தவங்களுக்கு நம்ம தெரு மட்டும் மறந்துபோச்சா? மாடி வீட்டு அக்கா தானா கேட்டாங்க. தீந்துபோச்சுன்னு சொன்னீங்களாம். மத்தியானம் வரைக்கும் வித்துட்டு இருந்தாங்களே?...

டிக்கெட்டோட ஒரு நோட்டீஸ் கொடுக்கறாங்களாமே. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?... ரெண்டாயிரம் அடிச்சதுல ஒண்ணுகூட மிச்சமில்லையா? சரி. நீங்க படிச்சிருப்பீங்கல்ல? என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க... ம்... பாட்டு, டான்ஸு, சிரிப்பு நாடகம்... ம்... மண்டபம், தேதி... ம். நடுவுல பாப்பா படம். படத்துக்குக் கீழ?...

மறந்துபோச்சா?

எனக்கு மறக்கலைங்க. என் கையில இருக்கு.

...

 

எப்படியோ கிடைச்சுது. மத்தியானம் ரவிக்கை வாங்க ஒரு டீச்சர் வந்தாங்க, அவங்க கைப்பையில இருந்து எடுத்தாங்க. "இந்தப் பிள்ளைக்காகத்தான் இன்னிக்குப் பாட்டு கேக்கப் போறேன், பாவம்"னாங்க. பாத்தா நான் தெச்ச கவுன். நான் போட்ட ரெட்டைச் சடை. கீழ படிக்கறேன், கேளுங்க... இல்ல, நீங்க கேட்டே ஆகணும். "பிறந்த மூன்றாம் நாளே தாயைப் பறிகொடுத்து, தந்தையின் தோளையே தொட்டிலாகக் கொண்டு வளர்ந்த இந்தத் தளிர்..."

எந்தத் தோளுங்க? அவளுக்கு நாலு வயசாகற வரைக்கும் நீங்க வெளியூர் வேலையில இருந்தீங்க. தோளைத் தபால்ல அனுப்பினீங்களா?...

மூணாம் நாள் நான் செத்தேனா? மூணாம் நாள் நீங்க பிள்ளையைப் பாக்க வந்தப்ப, கட்டில்ல உக்காந்து உங்க சட்டைக்குப் பித்தான் தெச்சேன். மறந்துட்டீங்களா?...

என்ன பழசு?... புரியற மாதிரி சொல்லுங்க... போன வருஷ நோட்டீஸா? கால் ஆபரேஷனுக்கு நிகழ்ச்சி நடத்தினாங்களே, அந்தப் பையனுக்கு எழுதினதா... சரி, அவனுக்கு நிஜமாவே அம்மா இல்ல. பாவம்... அதையே எடுத்து... படம், பேரு, வியாதி. இந்த மூணை மட்டும் செயலாளர் மாத்தினாராக்கும். மீதி எல்லாம் அப்படியே. வருஷா வருஷம் அதே நோட்டீஸ்தானா? அச்சுக்குப் போற முன்னாடி ஒரு ஆள் படிக்கலையா?... படிச்சுட்டு அழுதாங்களா! எல்லாரும் அழுததுல ஒருத்தருக்கும் என் ஞாபகம் வரலையா?...

உங்களுக்கு எப்ப தெரியும்?...

கேக்கலை. சத்தமா.

பதினோரு நாளா.

பதினோரு நாளா செத்தவ சமைச்சதைச் சாப்பிட்டிருக்கீங்க. நேத்து ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க...

அழாதீங்க. மேடைக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்குங்க...

யாரு?... கொடுங்க. கொடுங்க, செயலாளர்கிட்டயே பேசறேன்.

வணக்கம் சார். ஆமா, நான்தான். செத்தவதான் பேசறேன்...

பரவால்ல சார். தப்பு யாருக்கும் வரும். வந்தவுடனே ஏன் திருத்தலை?... ஆயிரம் டிக்கெட் வித்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுதா. சரி, மேடையில ஒரு வார்த்தை சொன்னா போதுமே? அச்சுப் பிழை, அம்மா நல்லா இருக்காங்க, அவ்வளவுதானே?... ஏன் சார் டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பாங்க? ஓட்டை இருக்கறது பொய்யா? ஆஸ்பத்திரி பொய்யா? நான் உசிரோட இருந்தா அவ நெஞ்சு வலிக்காதா?...

யாரு? எந்தப் பெரியவர்?... இரும்புக்கடை வெச்சிருக்கறவரா. பாதிச் செலவை அவரே ஏத்துக்கறாரா? ஒருத்தரே பாதியா?... ஏன் சார்? யாரு சும்மா அவ்வளவு கொடுப்பா?...

ம்...

ம்...

அவர் பிறந்தப்பவே அவங்கம்மா...

ம். நோட்டீஸைப் படிச்சுட்டு உங்க வீட்டுக்கே வந்தாரா. அறுபது வயசு மனுஷன், உங்க வாசப்படியில உக்காந்து அழுதாரா...

அதைப் பாத்துட்டு நீங்க என்ன செஞ்சீங்க சார்? அப்பவாவது சொன்னீங்களா?... இல்ல. தண்ணி கொடுத்தீங்க.

...

 

கடையைப் பூட்டறேன், அந்தச் சத்தம். பை என் கையில இருக்கு. பன்னெண்டும் இருக்கு. நடந்துகிட்டே பேசறேன், சொல்லுங்க...

மேடைக்கு என்னையும் கூப்பிடறீங்களா? எதுக்கு?... ஓ. இலவசமா உடுப்பு தெச்சதுக்கு. கைதட்டச் சொல்வீங்களா. என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?... "இந்தப் பிள்ளையைத் தாய் மாதிரி பாத்துக்கற தையல்காரம்மா."

தாய் மாதிரியா?

சார், இந்த "மாதிரி"யை மட்டும் எடுத்துடுங்களேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை மிச்சம்...

கோவம் இல்ல சார். கோவமா இருந்தா பையைக் கடையிலேயே வெச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுங்க... இல்ல, அவர்கிட்டதான் பேசணும். கொடுங்க.

ஏங்க...

இருங்க, ரோடு தாண்டறேன். வண்டி வருது...

ம். இப்ப சொல்லுங்க, மேடையில பாப்பா என்ன பேசணும்?... வணக்கம் சொல்லணும். அப்புறம்?... நன்றி சொல்லணும். நடுவுல? நடுவுல ஒரு வரி இருக்குமே. செயலாளரைப் பாக்காதீங்க, என்கிட்ட சொல்லுங்க...

"எனக்கு அம்மா இல்ல."

அதுவா.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவா? ரெண்டு நாளா அவ என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்கறா. ஏன்டி செல்லம்னு கேட்டா சொல்லல. இன்னிக்குப் பின்னல் போடறப்ப கேக்கறா... நில்லுங்க, முழுசா கேளுங்க... "அம்மா, நான் மைக்ல சொல்லிட்டா நீ நிஜமாவே இல்லாம போயிடுவியா?" அப்ப எனக்கு ஒண்ணும் விளங்கல. போடி பைத்தியம்னு சொல்லிட்டு ரிப்பனைக் கட்டிவிட்டேன்...

வியாழக்கிழமை அவ தனியா உள்ள போகணும்ங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிப்பேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்த ஒரு தைரியத்துலதான் ஊசிக்குக் கையை நீட்டறா. ரெண்டு பலூனுக்காக அதை அவ வாயாலயே இல்லைன்னு சொல்ல வெச்சுட்டு, அவளை உள்ள அனுப்பப் போறீங்களா?...

தெரியும். பணம் புதன்கிழமைக்குள்ள கட்டணும், தெரியும். எனக்குத் தெரியாதா?... என்னை இல்லைன்னு நீங்க சொல்லுங்க, தாங்கிக்குவேன். ஊரே சொல்லட்டும். தூணுக்குப் பின்னாடி என்ன, ஆறு மாசம் வெளியூர்லயே போய் இருக்கேன். அவ சொல்லக்கூடாது...

நம்ப மாட்டேங்க. "சொல்ல வெக்க மாட்டேன்"னு இப்ப சொல்வீங்க. மேடை ஏறினதும் அந்த மனுஷன் மைக்கை அவ வாய்கிட்ட கொண்டுபோவாரு, நீங்க தரையைப் பாத்துட்டு நிப்பீங்க. பதினோரு நாளா உங்களைப் பாத்துட்டுத்தானே இருந்தேன். என்னடா இவரு தரையையே பாக்கறாரேன்னு...

அதனால முன்வாசல் வழியாத்தான் வரேன். ஆமா, முன்வாசல். முன்வரிசை. நீங்க முதல்ல சொன்ன இடம்.

தெருமுனைக்கு வந்துட்டேன். மண்டபம் தெரியுது. நிறைய கூட்டம்... வாசல்ல பெரிசா பாப்பா படம் வெச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்கா...

ஓடி வராதீங்க. பாப்பாவைத் தனியா விட்டுட்டு வராதீங்க. அங்கயே இருங்க...

கொஞ்சம் இருங்க, யாரோ பேசறாங்க... சொல்லுங்கய்யா... ஆமாங்க, டான்ஸுக்குத்தான். பரவால்லைங்க, கனம் இல்ல, நானே... சரிங்க, பிடிங்க...

இல்லைங்க, உங்ககிட்ட இல்ல. இங்க ஒரு பெரியவர் பையை வாங்கிக்கறாரு. வெள்ளைச் சட்டை. இப்பவே கண்ணெல்லாம் சிவந்திருக்கு... ஐயா, நீங்க?... ஓ. இரும்புக்கடைங்களா...

ஏங்க. அவர்தான். என் எதிர்ல நிக்கறாரு. பாப்பா படத்தையே பாத்துட்டு இருக்காரு...

நான் என்ன சொன்னேன், ஒண்ணும் சொல்லல. அவர்தான் கேக்கறாரு. படத்தையும் பாக்கறாரு, என்னையும் பாக்கறாரு... கண்ணு அப்படியே இருக்காம். குழந்தைக்கு நீங்க என்ன வேணும்னு கேக்கறாரு...

அத்தையா? இப்பவும் அத்தையாங்க?...

சரி, சமாளிக்க வேணாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன், நிஜமும் சொல்ல மாட்டேன். போனை அவர்கிட்ட கொடுக்கறேன். கொடுத்துட்டேன்னு வெச்சுக்குங்க... ஐயா, குழந்தையோட அப்பா லைன்ல இருக்காரு, அவரே சொல்வாரு... ஏங்க, பெரியவர் காதுல வெக்கறாரு. நான் யாருன்னு சொல்லுங்க.