அக்காவின் ஞாபகமும் வங்கியின் மூலதனமும்

என் வாழ்நாளில் நான் ஒரு குடையைக்கூடத் தொலைத்ததில்லை. சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதில்லை, பேருந்தில் பையை மறந்துவிட்டு இறங்கியதில்லை. எங்கள் குடும்பத்துக்கே அப்படி ஒரு ராசி. அக்கா என்னைவிட ஒரு படி மேல்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான் மேடம். எங்கள் வங்கியின் பழைய கடன்பத்திர வெளியீட்டின் கோப்பை மூடுவதற்கு முன்னால், இதில் ஒரே ஒரு புகார் இருக்கிறதே, கொடுத்த அம்மா யார், அது ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டீர்கள். மேற்பார்வை ஆணையத்திலிருந்து வருகிறவர்கள் வழக்கமாக அவ்வளவு தூரம் படிப்பதில்லை. டீ குடிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கிளம்புவார்கள். நீங்கள் படித்துவிட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா என் அக்கா.

அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். ஊரில் பாதிப் பேருடைய எண் அவளுக்கு மனப்பாடம். கூட வேலை செய்தவர்கள் அவளை 'டைரக்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அவள்தான். அத்தான் இறந்த பிறகு அதே வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் இயந்திரம், சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பத்திரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அக்காவுக்குச் சொன்னதுபோலவே சொல்கிறேன். வங்கியில் போடுகிற வைப்புத்தொகையைக் கேட்டால் திருப்பித் தந்தாக வேண்டும். மூலதனம் அப்படியில்லை, நஷ்டம் வந்தால் முதல் அடியை அதுதான் வாங்கும். இந்தப் பத்திரம் பார்வைக்குக் கடன், குணத்தில் மூலதனம். வட்டி கூடுதல், ஆனால் திருப்பித் தரும் தேதியே கிடையாது. தேதி இல்லாததால்தான் ஆணையம் அதை மூலதனமாக எண்ண ஒப்புக்கொள்கிறது.

அக்காவுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. கேட்டால் திருப்பித் தருவோம் என்ற நம்பிக்கையை வங்கியின் தரப்பில் யாரும், எந்த வகையிலும், வாங்குகிறவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்ததாகத் தெரிந்தால் அந்த ஒரு பத்திரம் மட்டும் அல்ல, வெளியீடு முழுவதுமே தகுதியை இழந்து மூலதனக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். அப்படி யாரும் கொடுக்கவில்லை என்று காலாண்டுக்கு ஒருமுறை சான்றளித்துக் கையெழுத்திடுவது மூலதனப் பிரிவின் தலைவர். அதாவது நான்.

ஊழியர்கள் தங்கள் சொந்தபந்தங்களை வாங்க வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். எனக்கு இருந்த சொந்தம் அக்கா ஒருத்திதான். ஓய்வுபெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் போட்டாள். காய் நறுக்கிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவசரம்னா எடுக்க முடியுமாடா?"

"எப்ப வேணும்னாலும் வாங்கித் தரேன்க்கா. நான் இருக்கேன்ல."

ஒரு தம்பி அக்காவிடம் சொல்லக்கூடிய வார்த்தைதான். மூலதனப் பிரிவின் தலைவர் ஒரு முதலீட்டாளரிடம் சொன்ன வார்த்தையும் அதுவேதான். வேறு யாரிடமாவது விற்றுக் கொடுத்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். அந்தக் காலாண்டுச் சான்றில் வழக்கம்போலக் கையெழுத்தும் போட்டேன். பேனாவை எடுக்கும்போது சமையலறை நினைவுக்கே வரவில்லை.

சில வருடங்கள் கழித்து வீட்டுக்காரர் வீட்டை விற்க முடிவு செய்தார். நல்ல மனிதர். முதலில் அக்காவைக் கேட்டார், விலையும் நியாயமாகச் சொன்னார், அவகாசமும் கொடுத்தார். அக்கா சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டாள். என்னிடம் வந்து பத்திரத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அந்தச் சமயம் பார்த்து சந்தை படுத்துக் கிடந்தது. எங்கள் பத்திரத்தைச் சீந்துவார் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினேன்.

என் சேமிப்பிலிருந்து கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் பொறுப்பில் இருக்கும் அதிகாரி தன் கையிலிருந்து கொடுத்தால், வங்கியே சுற்றுவழியில் திருப்பிக் கொடுத்ததாக அர்த்தமாகிவிடாதா? பணம் இருந்தது. விதி இடம் கொடுக்கவில்லை.

அக்கா பொறுமை தீர்ந்துபோய் நேரே கிளைக்குப் போய்விட்டாள். கோபமாக அல்ல, பெருமையாகத்தான் போனாள். என் தம்பி தலைமை அலுவலகத்தில் பெரிய வேலையில் இருக்கிறான், கேட்கும்போது வாங்கித் தருவதாக அவனே சொல்லியிருக்கிறான், இன்ன தேதி, இன்ன கிழமை, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று ஒன்று விடாமல் மேலாளரிடம் சொல்லியிருக்கிறாள். மேலாளர் சட்டப்படி நடப்பவர். எல்லாவற்றையும் புகாராகப் பதிவு செய்து மேலே அனுப்பிவிட்டார்.

விசாரிக்க வந்த அதிகாரிக்கு என்னைவிடச் சங்கடம். நெளிந்துகொண்டே கேட்டார். அப்படி நான் எதுவும் சொல்லவில்லை என்று முடித்திருக்கலாம். அது போதாது என்று தோன்றியது. அக்காவின் பேச்சில் அவ்வளவு துல்லியம் இருந்தது.

"அக்காவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல" என்றேன்.

அவர் முகம் இளகிவிட்டது. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தானாம். ஒரு மருத்துவச் சான்றிதழ் மட்டும் வேண்டும், அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள் என்றார்.

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் கவனித்திருப்பீர்கள். காலாண்டு முடிகிற நெருக்கடியில் கையெழுத்து முதலில் விழுந்துவிடும், ஆதாரங்களைப் பிறகு சேர்த்துக்கொள்வோம். நாணயமான ஆட்களும் அப்படித்தான் செய்கிறார்கள். சொல்லியாகிவிட்டது, இனி அது உண்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவேன். அவளுடைய மூக்குக்கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்துத் துணி அலமாரியில் வைத்தேன். அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். பக்கத்திலேயேதான் நின்றேன், ஆபத்து எதுவும் வர விடவில்லை. அவள் தொலைபேசியில் ஏதாவது சொன்னால், இதையே காலையிலும் சொன்னாயே அக்கா என்பேன். காலையில் அவள் கூப்பிட்டே இருக்க மாட்டாள். முதலில் சண்டை பிடித்தாள். பிறகு சிரித்து மழுப்பினாள். பிறகு ஒருநாள் சமையலறை நடுவில் நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னக்கா என்றேன். ஒன்றுமில்லை, எதற்கு வந்தேன் என்று யோசிக்கிறேன் என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவளை உட்காரவைத்து நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கூப்பிட்டு இன்று என்ன கிழமை என்று என்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வாள். அதில் நான் அவளை ஏமாற்றியதில்லை, ஒரே ஒரு காலையைத் தவிர. அன்று அவளை மருத்துவரிடம் அழைத்துப்போக நேரில் வந்திருந்தேன். சுவரில் இருந்த தினசரி நாட்காட்டியில் ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்துவிட்டேன். கேட்டபோது கிழமையையும் ஒரு நாள் தள்ளியே சொன்னேன்.

மருத்துவர் தேதியைக் கேட்டார். அக்கா தயங்காமல், தவறாகச் சொன்னாள். அவர் திருத்தியதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். மற்ற கேள்விகளில் பாதிக்குமேல் அவள் வாயே திறக்கவில்லை. பழைய தொலைபேசி எண்கள் சிலவற்றைக் கேட்டார், மளமளவென்று ஒப்பித்தாள். இந்த நோய் இப்படித்தான், பழசு அப்படியே இருக்கும், புதுசுதான் அழியும் என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். சான்றிதழ் கிடைத்தது, புகார் கைவிடப்பட்டது. நீங்கள் பார்த்த அந்தத் தாள் அதுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சான்று நடப்பில் இருக்கும்வரை அதன் ஆதாரமும் நடப்பில் இருக்க வேண்டும் அல்லவா? கண்ணாடி தொடர்ந்து தொலைந்துகொண்டிருந்தது. வீட்டை வேறொருவர் வாங்கினார். அக்காவை முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். சுத்தமான இடம், கனிவான செவிலியர்கள். அவளுடைய அறைக்கு மேற்கே பார்த்த ஜன்னல்தான் கிடைத்தது. மாதாமாதம் என் சேமிப்பிலிருந்துதான் கட்டுகிறேன். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

நான் காப்பாற்றியது என் வேலையை மட்டும் அல்ல என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெளியீடு தகுதி இழந்திருந்தால் வங்கியின் மூலதனம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருக்கும். செய்தி கசிந்திருக்கும். கிளை வாசலில் கூட்டம் கூடியிருக்கும். எத்தனையோ அக்காக்களின் பணம் உள்ளே இருந்தது.

பிறகு உங்கள் ஆணையமே விதியை மாற்றியது. இந்த வகைப் பத்திரங்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இனி மூலதனமாகக் காட்ட முடியாது என்று அறிவித்தீர்கள். மொத்த வெளியீடும் ஒரே அறிவிப்பில் தகுதி இழந்தது. விதி மாற்றத்தால் தகுதி போனால் முழுத் தொகையையும் கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று பத்திரத்திலேயே ஒரு சரத்து இருக்கிறது, அதை எழுதியவனும் நான்தான். வங்கி எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்தது. அதற்குப் பதிலாக வேறு ஒரு பத்திரத்தை வெளியிட்டது. கிளை வாசலில் ஒரு ஈ காக்கை கிடையாது. அன்று மதியம் எப்போதும்போலச் சாப்பிட்டேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன், எதுவும் தோன்றவில்லை.

அக்காவின் பணமும் வந்தது. போன வாரம் அதைச் சொல்லத்தான் இல்லத்துக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கியது. அந்தக் கயிறு செவிலியரின் யோசனை, நல்ல யோசனை. பணம் வந்துவிட்டது என்றேன். தலையாட்டினாள். இனி உன் விருப்பம்போலச் செய்யலாம் என்றேன். அவளுக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு என் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அன்னிக்கு சமையலறைல, எப்ப வேணும்னாலும் வாங்கித் தரேன், நான் இருக்கேன்லன்னு நீ சொன்ன மாதிரியே எனக்குத் தோணிட்டு இருக்கு. சொன்னியாடா?"

பத்திரம் ஒழிந்துவிட்டது, புகார் முடிந்துவிட்டது. என் பதிலால் யாருக்கும் நயாபைசா நஷ்டமில்லை. அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"இல்லக்கா" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். உன்மேல பழி போட்டு, நாலு பேர் முன்னாடி உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேனேடா. மன்னிச்சுக்கோ."

அவள் அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டேன். அக்காவை நான் மன்னித்துவிட்டேன் மேடம், அதையும் உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.